எதைப் பிரிப்பது, எதைப் பிரிக்காமல் விடுவது: ராஜபாளையம் பக்கத்து ஆலைக் கணினிப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்



ராஜபாளையம், சத்திரப்பட்டி, சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து நூற்பாலைகளிலும் பேண்டேஜ் துணி நிறுவனங்களிலும் ‘கம்ப்யூட்டர் செக்‌ஷன்’ என்று ஒரு அறை இருக்கும். அதில் இரண்டு பேரோ நான்கு பேரோ உட்கார்ந்திருப்பீர்கள். சம்பளப் பட்டியல், பில், பஞ்சு இருப்பு, பிரிண்டர் ரிப்பேர் எல்லாம் உங்கள் தலையில்தான். உங்களுக்குத்தான் இந்த மடல். ராம்கோ இன்ஸ்டிடியூட்டிலும் கிருஷ்ணன்கோவில் கலசலிங்கத்திலும் படித்துக்கொண்டு, நாளை இதே அறைகளுக்கு வரப்போகிறவர்களும் படிக்கலாம்.

நான் தேவதானத்துக்காரன். ஆலைகளுக்கு இருப்புக் கணக்கும் பேரேடும் மென்பொருளாக எழுதிப் பிழைத்தவன். இப்போது வேலையைக் குறைத்துக்கொண்டாலும் போன் வருவது குறையவில்லை. வருகிற போனில் பாதி ஒரே மாதிரி இருக்கிறது. “அண்ணாச்சி, பழைய ஈஆர்பியத் தூக்கிப் போட்டுட்டு எல்லாத்தையும் மைக்ரோசர்வீஸா எழுதணும்னு முதலாளி சொல்லுதாரு. வெளியூர்க் கம்பெனி கொட்டேஷன் குடுத்துருக்கு. என்ன செய்ய?” மீதிப் பாதி இதற்கு நேர் எதிர். “ஓடுற சாஃப்ட்வேரத் தொடாதன்னு அக்கவுண்ட்ஸ்ல பிடிவாதமா இருக்காங்க. ஆனா ஃப்ரேம்ல சென்சார் மாட்டியாச்சு, டேட்டாவ எங்க கொண்டுபோய்ச் சேக்க?”

இரண்டு பேருக்கும் என் பதில் ஒன்றுதான். ஒரே கணத்தில் சேர்ந்து உண்மையாக இருக்க வேண்டியதெல்லாம் ஒரே மென்பொருளில், ஒரே டேட்டாபேஸில் இருக்கட்டும். வேறு வேகத்தில் ஓடுவதும், வெளியாள் கையில் இருப்பதும், தான் பழுதானாலும் மற்றதை நிறுத்தக்கூடாததும் தனியாகப் பிரிந்து போகட்டும். மோனோலித்தா மைக்ரோசர்வீஸா என்று பட்டிமன்றம் நடத்தத் தேவையில்லை. கோட்டை எங்கே போடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பாடப் புத்தகத்தை மறந்தவர்களுக்காக ஒரு வரி. பில், இருப்பு, பேரேடு, சம்பளம் எல்லாம் ஒரே நிரலாகக் கட்டி, ஒரே நேரத்தில் நிறுவி, ஒரே டேட்டாபேஸில் எழுதினால் அது மோனோலித். ஒவ்வொன்றும் தனி நிரல், தனி டேட்டாபேஸ், தனியாக நிறுத்தவும் ஓட்டவும் முடியும், நெட்வொர்க் வழியாகத்தான் பேசிக்கொள்ளும் என்றால் அது மைக்ரோசர்வீஸ். ஜேம்ஸ் லூயிஸும் மார்ட்டின் ஃபவுலரும் 2014-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர் ஊர் ஊராகப் பரவியது. அடுத்த ஆண்டே அதே ஃபவுலர், முதலில் மோனோலித்தாகவே தொடங்குங்கள் என்றும் எழுதினார். அதைக் கொட்டேஷன் கொண்டுவருகிறவர்கள் சொல்வதில்லை.

நமக்குத் தெரிந்த ஒரு பெரிய உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சென்னைக்குப் பொதிகையில் போகாதவர் நம்மில் யார்? தட்கல் எடுக்கிற நாளில் காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு ஸ்லீப்பர். அந்த முதல் இரண்டு நிமிடத்தில் நாடு முழுக்க லட்சக்கணக்கானோர் ஒரே கதவைத் தட்டுகிறார்கள். நாம் போனில் தொடுவது ஐஆர்சிடிசி. ஆனால் சீட்டு இருப்பது அங்கே இல்லை. அது பிஆர்எஸ் என்கிற பயணிகள் முன்பதிவு அமைப்பில் இருக்கிறது. 1985-இல் டெல்லியில் தொடங்கி, ரயில்வேயின் கிரிஸ் நிறுவனம் வளர்த்தது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் மையங்கள் ‘கான்செர்ட்’ என்ற மென்பொருளால் 1999-இல் ஒன்றாக இணைந்தன. எந்த ஊர் கவுண்டரிலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட் எடுக்க முடிந்தது அதற்குப் பிறகுதான். 2010-இல் அமைத்த ஐட்டேனியம் சர்வர்களில், ஓபன்விஎம்எஸ் இயங்குதளத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது. இன்றைய கல்லூரி மாணவர்கள் அந்த இயங்குதளத்தின் பெயர்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்தப் பழைய மையத்தின் வேலை ஒன்றே ஒன்று. எஸ்-5 பெட்டியில் 23-ஆம் பெர்த்தை இரண்டு பேருக்குக் கொடுக்கக் கூடாது. ராஜபாளையம் கவுண்டரில் நிற்பவரும், சென்னையில் போனைத் தட்டுபவரும் ஒரே பெர்த்தைக் கேட்டால், ஒருவருக்குத்தான் ‘ஆம்’, மற்றவருக்கு ‘இல்லை’. இந்தத் தீர்ப்பு ஓர் இடத்தில்தான் நடக்க முடியும்.

2002 ஆகஸ்டில் ஐஆர்சிடிசி இணையதளம் வந்தபோது அந்த மையத்தை யாரும் உடைக்கவில்லை. அதன் முன்னால் இன்னோர் அடுக்கை வைத்தார்கள். 2014 ஏப்ரலில் புதிய தலைமுறை இ-டிக்கெட் அமைப்பு வந்தது. நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த இணையத் திறன் 7,200-க்கு ஏறியது. லாகின், ரயில் தேடல், பணம் செலுத்துதல் எல்லாம் இந்த முன் அடுக்கின் வேலை. மையத்துக்குப் போக வேண்டாத கேள்விகளை நினைவகத்தில் இருந்தே பதில் சொல்லி அங்கேயே திருப்பி அனுப்புவதும் அதன் வேலைதான். 2025 மே 22 அன்று ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட் பதிவானது. அதே ஆண்டு, தட்கல் தொடங்கும் முதல் ஐந்து நிமிடத்தில் வருகிற லாகின் முயற்சிகளில் பாதி வரை ‘பாட்’ நிரல்கள் என்று ரயில்வே சொன்னது. அவற்றைத் தடுத்ததும் முன் அடுக்கில்தான். 1985-இன் வாரிசுக்கு பாட் என்றால் என்னவென்று தெரியவே வேண்டாம்.

மையத்தையும் இப்போது மாற்றுகிறார்கள். நிமிடத்துக்கு 1.5 லட்சம் டிக்கெட் என்பது 2025 ஜூனில் அறிவித்த இலக்கு. மாற்ற வேண்டியதுதான். ஆனால் வரிசையைப் பாருங்கள். முதலில் முன் அடுக்கு, பிறகு அதன் பாதுகாப்பு, மையம் கடைசியில். நம் ஊர் கொட்டேஷன்கள் முதல் பக்கத்திலேயே மையத்தில் கை வைக்கின்றன.

இனி நம் ஆலைக்குள் வருவோம். இங்கே ‘ரியல் டைம்’ என்ற சொல்லை எல்லோரும் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறார்கள். உண்மையில் ஆலையில் மூன்று வேகங்கள் இருக்கின்றன.

முதல் வேகம் இயந்திரத்துக்குள். ஆட்டோகோனரில் நூல் நிமிடத்துக்கு 1,200 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 20 மீட்டர். ஒரு சென்டிமீட்டர் நூல் சென்சாரை அரை மில்லிநொடியில் கடந்துவிடும். தடித்த இடத்தைக் கண்டு வெட்டும் முடிவு அந்த இயந்திரத்தின் கிளியரரில்தான் நடக்க வேண்டும். அதை நெட்வொர்க்கில் அனுப்பி, ஒரு சர்வீஸைக் கேட்டு, பதில் வாங்கி வெட்டலாம் என்று யாராவது படம் வரைந்து காட்டினால், காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது வேகம் ஷெட்டில். ரிங் ஃப்ரேமில் இழை அறுந்ததா, எந்த ஸ்பிண்டில், எவ்வளவு நேரமாக, சைடர் பார்த்தாரா, டாஃபிங்குக்கு இன்னும் எத்தனை நிமிடம். இது நொடிக் கணக்கு. ஐந்து நொடி தாமதித்தால் கெட்டுப்போகாது. அரை மணி தாமதித்தால் பயனில்லை.

மூன்றாவது வேகம் அலுவலகத்தில். பில் போட்டது, இருப்பு குறைந்தது, பேரேட்டில் ஏறியது. இங்கே வேகம் பெரிய பிரச்சினையே இல்லை. நூறு பில்லோ இருநூறு பில்லோ போடுகிற ஆலைக்கு எந்தச் சாதாரண சர்வரும் போதும். இங்கே வேண்டியது, மூன்றும் சேர்ந்து நடப்பது. இல்லாவிட்டால் மூன்றும் நடக்காமல் இருப்பது.

இரண்டாவது வேகத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஒரு ஃப்ரேமில் 1,200 ஸ்பிண்டில், அப்படி 20 ஃப்ரேம். மொத்தம் 24,000 ஸ்பிண்டில். ஒவ்வொன்றிலும் சென்சார் மாட்டி, நொடிக்கு ஒரு முறை ‘ஓடுகிறேன்’ என்று சொல்ல வைத்தால், நாளொன்றுக்கு 207 கோடி வரிகள். இதை அப்படியே ஈஆர்பியின் டேட்டாபேஸில் கொட்டினால், மூன்றாம் நாள் பில் போடும் திரை உறைந்து நிற்கும். அக்கவுண்ட்ஸில் உங்களைத் திட்டுவார்கள். ‘தொடாதே’ என்று அவர்கள் முதலிலேயே சொன்னது சரி என்றும் ஆகிவிடும்.

ஆனால் ஓடுகிற ஸ்பிண்டில் ஓடுகிறது என்று யாருக்குத் தெரிய வேண்டும்? அறுந்ததும் ஒட்டியதும் தெரிந்தால் போதும். ஆலைக்காரர்கள் இழை அறுதலை 100 ஸ்பிண்டில்-மணிக்கு எத்தனை என்றுதான் கணக்கிடுவார்கள். மூன்று என்று வைத்துக்கொள்வோம். 24,000 ஸ்பிண்டில், 24 மணி நேரம், 5,76,000 ஸ்பிண்டில்-மணி. அப்படியானால் நாளைக்கு 17,280 அறுதல். 207 கோடி 17,280 ஆகிவிட்டது. இந்தச் சுருக்கும் வேலையை ஷெட்டிலேயே ஒரு சிறிய பெட்டியில் ஓடும் தனி சர்வீஸ் செய்ய வேண்டும். மேஸ்திரியின் திரைக்கு அது நேரே காட்டட்டும். ஈஆர்பிக்கு ஷிப்ட் முடியும்போது மட்டும், ஃப்ரேம் வாரியாக, கவுண்ட் வாரியாக இத்தனை கிலோ, இத்தனை திறன் என்று நாற்பது ஐம்பது வரி அனுப்பட்டும்.

இதைத் தனியாக வைப்பதற்கு இன்னொரு காரணம் நம் ஊர்க் காற்று. ஆனி ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிற அடியில் லைன் போகும், நெட் போகும். அலுவலக சர்வரை ஞாயிற்றுக்கிழமை நிறுத்திப் பராமரிப்பீர்கள். ஃப்ரேம் ஞாயிறு பார்க்காது. ஷெட் பெட்டி தன் வட்டிலேயே எழுதி வைத்துக்கொண்டு, இணைப்பு வந்ததும் விட்ட இடத்திலிருந்து அனுப்ப வேண்டும். அனுப்பும் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் இருக்க வேண்டும். இணைப்பு பாதியில் அறுந்து, அதே வரி இரண்டாம் தடவை வந்தால், ஈஆர்பி அந்த எண்ணைப் பார்த்து ‘இது ஏற்கெனவே வந்தது’ என்று விட்டுவிட வேண்டும். இந்த ஒரு ஒழுங்கு இல்லாமல் எந்த சர்வீஸையும் பிரிக்காதீர்கள். இருந்தால், இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

அடுத்தது கேட். இங்கேதான் பெரும்பாலான ஆலைகளில் கோடு தப்பான இடத்தில் இருக்கிறது.

2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம். பில்லை அரசின் போர்ட்டலுக்கு அனுப்பி, 64 எழுத்துகள் கொண்ட ஐஆர்என் எண்ணையும் க்யூஆர் கோடையும் வாங்க வேண்டும். இ-வே பில் வேறு. இதற்காக நம்மவர்கள் என்ன செய்தார்கள்? ஈஆர்பியில் ‘சேவ்’ பொத்தானுக்குப் பின்னால், டிரான்சாக்‌ஷன் திறந்திருக்கும்போதே போர்ட்டலைக் கூப்பிடும்படி எழுதிவிட்டார்கள். போர்ட்டல் இரண்டு நொடியில் பதில் சொல்கிற நாளில் யாருக்கும் தெரியாது. மாதக் கடைசியில், இரவு எட்டு மணிக்கு அது திணறும்போது தெரியும். அந்த நூல் லாட்டின் இருப்பு வரி பூட்டியபடியே நிற்கும். பக்கத்துத் திரையில் அதே லாட்டில் வேறு பில் போடுகிறவருக்குச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். இச்சல்கரஞ்சிக்குப் போக வேண்டிய லாரி டிரைவர் உங்கள் அறை வாசலுக்கே வந்துவிடுவார். “அண்ணே, வண்டி ரெண்டு மணி நேரமா கேட்டுலயே நிக்கி. பில்லு வந்தா கெளம்பிருவேன்.”

சரியான வழி இது. பில், இருப்புக் குறைப்பு, பேரேட்டுப் பதிவு மூன்றும் ஒரே டிரான்சாக்‌ஷனில் நடக்கட்டும். அதே டிரான்சாக்‌ஷனில் நான்காவதாக ஒரு வரி, ‘அனுப்ப வேண்டியவை’ என்ற அட்டவணையில். நம் தொழிலில் அவுட்பாக்ஸ் என்பது இதைத்தான். கமிட் ஆனால் நான்கும் இருக்கும். ரோல்பேக் ஆனால் நான்கும் இருக்காது. யாரையும் காத்திருக்க வைக்காமல் சில மில்லிநொடிகளில் வேலை முடிந்துவிடும். பிறகு ஒரு சிறிய தனி சர்வீஸ் அந்த அட்டவணையைப் பார்த்து, ஒவ்வொன்றாக போர்ட்டலுக்கு அனுப்பும். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். ஐஆர்என் வந்ததும் எழுதி வைக்கும். அதற்குப் பிறகுதான் கேட் பாஸ் அச்சாகும்.

பயப்பட வேண்டாம், இரண்டு தடவை அனுப்பினால் இரண்டு பில் ஆகிவிடாது. ஐஆர்என் எண், விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் இவற்றிலிருந்துதான் உருவாகிறது. அதே பில் மறுபடி போனால் போர்ட்டலே ‘இது ஏற்கெனவே பதிவானது’ என்று சொல்லிவிடும். அரசே உங்களுக்காக அந்த ஒழுங்கைக் கட்டி வைத்திருக்கிறது. போர்ட்டலும் இப்போது ஒன்று மட்டும் இல்லை. ஒன்று படுத்தால் இன்னொன்றுக்கு மாற, அந்தச் சிறிய சர்வீஸில் மட்டும் கை வைத்தால் போதும். லாரி ஒருவேளை அன்றும் காத்திருக்கும். ஆனால் அலுவலகம் முழுவதும் அதோடு சேர்ந்து காத்திருக்காது.

இனி, எல்லாவற்றையும் உடைத்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு. பில் ஒரு சர்வீஸ், இருப்பு ஒரு சர்வீஸ், பேரேடு ஒரு சர்வீஸ் என்று தனித்தனி டேட்டாபேஸில் வைத்தீர்கள். பில் ஏறியது, இருப்பு குறைந்தது, பேரேடு விழுந்துவிட்டது. இப்போது ரோல்பேக் கிடையாது. இருப்பைத் திரும்பக் கூட்டு, பில்லை ரத்து செய் என்று எதிர்ப் பதிவுகளை நீங்களே எழுத வேண்டும். ‘சாகா’ என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இந்த எதிர்ப் பதிவே பாதியில் நின்றால் என்ன செய்வது என்பதற்கும் நிரல் எழுத வேண்டும்.

இது எவ்வளவு கனமான வேலை என்று அறிய யுபிஐயைப் பாருங்கள். 2016 ஏப்ரலில் தொடங்கிய யுபிஐ, 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. அங்கே பிரிக்காமல் வழியே இல்லை. அனுப்புகிறவர் கணக்கு ஒரு வங்கியில், வாங்குகிறவர் கணக்கு வேறு வங்கியில், நடுவில் என்பிசிஐ. ஒவ்வொரு வங்கியின் உள்ளேயும் ஃபினாக்கிள், பேன்க்ஸ் போன்ற பெரிய கோர் பேங்கிங் மென்பொருள் இருக்கிறது. கணக்கின் இருப்பு அங்கே ஓரிடத்தில்தான் குறையும், கூடும். வெளியே இருப்பது செய்தி கொண்டுபோகும் அடுக்கு. இங்கே பணம் கழிந்து அங்கே ஏறாமல் போனால் என்ன செய்வது? ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கையில் விதியே போட்டது. ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு அனுப்பியது போய்ச் சேராவிட்டால், மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. உங்கள் புத்தகத்து சாகாவின் எதிர்ப் பதிவுதான் இது. நாட்டின் மத்திய வங்கி காலக்கெடுவும் அபராதமும் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. ஒரே கட்டடத்தில், ஒரே முதலாளியின் பில்லுக்கும் பேரேட்டுக்கும் நடுவே இந்தத் தலைவலியை யாராவது விலை கொடுத்து வாங்குவார்களா?

எதையும் தொடாமல் அப்படியே விட்டாலும் ஆபத்துதான். அடிக்கடி சேவை முடங்கியதால், 2020 டிசம்பரில் எச்டிஎஃப்சி வங்கி புதிய டிஜிட்டல் சேவைகள் தொடங்கவும் புதிய கிரெடிட் கார்டு கொடுக்கவும் ரிசர்வ் வங்கி தடை போட்டது. தடை முழுவதுமாக நீங்கியது 2022 மார்ச்சில். ஆகவே ‘ஓடுவதைத் தொடாதே’ என்கிற அக்கவுண்ட்ஸ்காரர்களுக்கும் சொல்கிறேன். ஓடுவது நாளையும் ஓடும் என்று எந்த மென்பொருளும் எழுதிக் கொடுக்கவில்லை.

எல்லாவற்றையும் உடைக்க நினைப்பவர்களுக்கு இன்னொரு சின்னக் கணக்கு. ஒரு சர்வீஸ் 99.9 சதவீத நேரம் வேலை செய்கிறது என்றால், மாதத்துக்கு 43 நிமிடம் படுக்கும். ஒரு பில் போட 20 சர்வீஸ்கள் ஒன்றையொன்று வரிசையாகக் கூப்பிட வேண்டும் என்றால், எல்லாம் ஒன்றாக ஓடும் நேரம் 98 சதவீதம். மாதத்துக்கு 14 மணி நேரம் பில் போட முடியாது. தனித்தனியாக எதுவும் கெட்ட சர்வீஸ் இல்லை. சேர்த்துக் கட்டிய விதம்தான் கெட்டது. அவுட்பாக்ஸ் மாதிரி ‘அனுப்பி வைத்துவிட்டு வேலையைப் பார்’ என்று பிரித்தால் இந்தப் பெருக்கல் நடக்காது. பதிலுக்குக் காத்திருக்கும் இணைப்புகளைத்தான் எண்ண வேண்டும். சர்வீஸ்களின் எண்ணிக்கை அடுத்த விஷயம்.

ஆள் கணக்கும் பாருங்கள். மெல்வின் கான்வே 1968-இலேயே எழுதினார்: ஒரு நிறுவனம் கட்டும் அமைப்பு, அந்த நிறுவனத்தில் ஆட்கள் பேசிக்கொள்ளும் விதத்தைத்தான் நகல் எடுக்கும். நெட்ஃப்ளிக்ஸுக்கு நூற்றுக்கணக்கில் சர்வீஸ் இருக்கிறது என்றால், அவற்றைப் பார்க்கத் தனித்தனிக் குழுக்கள் இருக்கின்றன. 2008 ஆகஸ்டில் டேட்டாபேஸ் பழுதாகி மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியாமல் போனது. அதன்பின் மாறத் தொடங்கியவர்கள், மாறி முடித்தது 2016 ஜனவரியில். ஏழு ஆண்டுகளுக்கு மேல். உங்கள் அறையில் நான்கு பேர். இருபது சர்வீஸ் என்றால் தலைக்கு ஐந்து. ஒருவர் கல்யாணத்துக்கு லீவு போட்டால் ஆறேழு. எதிர்த்திசையிலும் ஒரு கதை உண்டு. அமேசான் பிரைம் வீடியோவில் ஒளிபரப்புத் தரத்தைக் கண்காணிக்கும் ஒரு கருவியைத் துண்டு துண்டாகக் கட்டியிருந்தார்கள். அதை ஒரே நிரலாகச் சேர்த்ததும் அதன் செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்று 2023-இல் அவர்களே எழுதினார்கள். அதே நிறுவனத்தின் மற்ற சர்வீஸ்கள் தனித்தனியாகத்தான் இருந்தன. எது எங்கே பொருந்துகிறதோ அது அங்கே.

சேர்த்து வைப்பது என்றால் கலந்து வைப்பது என்று அர்த்தம் இல்லை. பழைய ஈஆர்பிகளின் உண்மையான நோய் அங்கேதான். சம்பள நிரல் நேரே உற்பத்தி அட்டவணையைப் படிக்கும். பில் நிரல் பஞ்சுக் கொள்முதல் அட்டவணையில் எழுதும். ஓர் இடத்தில் ஒரு புலத்தின் பெயரை மாற்றினால் ஏழு இடத்தில் உடையும். ஷாப்பிஃபை நிறுவனம் உலகம் முழுக்கக் கடைகளை நடத்தும் தன் மைய மென்பொருளை ஒரே மோனோலித்தாகவே வைத்திருக்கிறது. ஆனால் உள்ளே சுவர் எழுப்பி, ஒரு பகுதி இன்னொன்றின் உள்ளறைக்குள் நுழைந்தால் எச்சரிக்கும் கருவியையும் தானே எழுதியது. நீங்களும் பஞ்சுக் கொள்முதல், உற்பத்தி, நூல் இருப்பு, விற்பனை, பேரேடு, சம்பளம் என்று ஆறு பகுதியாகப் பிரியுங்கள். ஒரு பகுதியின் அட்டவணையை அந்தப் பகுதியின் நிரல் மட்டும் தொடட்டும். மற்றவர்கள் அதன் ஃபங்ஷனைக் கூப்பிட்டுக் கேட்கட்டும். டேட்டாபேஸ் ஒன்றுதான், டிரான்சாக்‌ஷன் ஒன்றுதான். பின்னால் ஏதாவது ஒன்றை வெளியே எடுக்க வேண்டி வந்தால், சுவர் இருக்கிற இடத்தில் எடுக்கலாம்.

எடுப்பது எப்படி? நம் பக்கத்தில் பனையைத் தழுவிய ஆலமரத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பறவை போட்ட விதை பனையின் மட்டையிடுக்கில் முளைத்து, விழுதை இறக்கி, ஆண்டுக்கணக்கில் பனையைச் சுற்றிக்கொள்ளும். பனை நிற்கும்போதே ஆல் வளரும். ஃபவுலர் ஆஸ்திரேலியக் காடுகளில் இப்படிப்பட்ட அத்தி மரங்களைப் பார்த்துவிட்டு, 2004-இல் ஒரு முறைக்கு அந்தப் பெயரையே வைத்தார். பழையதை நிறுத்தாமல், அதன் முன்னால் ஒரு வழிமாற்றி வைத்து, ஒவ்வொரு வேலையாகப் புதியதற்குத் திருப்புவது அந்த முறை. முதலில் இ-இன்வாய்ஸ். அது சரியாக ஓடி, ஒரு மாதக் கடைசியைத் தாண்டியதும் ஷெட் தரவு. பிறகு வருகைப் பதிவுக் கருவிகள். பிறகு புரோக்கர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் போனில் இருப்பு காட்டும் திரை. ஒவ்வொன்றும் முடியும்போது பழைய நிரலில் அந்தப் பகுதியை அழித்துவிடுங்கள். அழிக்காமல் விட்டால் இரண்டையும் பராமரிக்க வேண்டி வரும். பேரேடும் இருப்பும் பில்லும் எப்போதும் பனையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அவற்றை ஆல் விழுங்கத் தேவையில்லை.

படிக்கிறவர்களின் பயமும் எனக்குத் தெரியும். “ரெஸ்யூமேல மைக்ரோசர்வீஸ்னு இல்லாட்டி பெங்களூருல கூப்பிட மாட்டாங்கண்ணே.” இருக்கட்டும், போட்டுக்கொள்ளுங்கள்; மேலே சொன்ன நான்கு சர்வீஸும் உண்மையான சர்வீஸ்தான். ஆனால் இன்டர்வியூவில் நல்ல கேள்வி கேட்கிறவர், எத்தனை சர்வீஸ் எழுதினாய் என்று கேட்க மாட்டார். ஒரே செய்தி இரண்டு தடவை வந்தால் என்ன செய்தாய், நடுவில் கரண்ட் போனால் கணக்கு எப்படி நேரானது என்றுதான் கேட்பார். நூறு ஸ்பிண்டிலையும் ஒரு லாரியையும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடிந்தவர்கள் அதிகம் பேர் இல்லை. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய ஊர் இது. அவர் தொடங்கிய குழுமம் 1990-களிலேயே ஈஆர்பி எழுதி உலகத்துக்கு விற்றது. தென்காசி ரோட்டில் போனால் மத்தளம்பாறையில் சோகோ இருக்கிறது. மென்பொருள் யோசிக்கத் தெரிந்த ஊரிலிருந்து வருகிறோம். வெளியூர் ஸ்லைடைப் பார்த்து மிரள வேண்டாம்.

கடைசியாக, வேலையாகச் செய்ய வேண்டியவை. அடுத்த வாரம் ஒரு தாளை எடுத்து, உங்கள் ஆலையில் ஓடுகிற எல்லா வேலைகளையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்வி: இது எதனோடு சேர்ந்து ஒரே கணத்தில் உண்மையாக இருக்க வேண்டும்? எவ்வளவு தாமதத்தைத் தாங்கும்? இது படுத்தால் எது எது ஓடியே தீர வேண்டும்? முதல் கேள்விக்கு வலுவான பதில் இருக்கிற வேலைகள் உள்ளே. மற்ற இரண்டு கேள்விக்கும் உள்ளே இருப்பவற்றோடு ஒத்துப்போகாத பதில் இருக்கிற வேலைகள் வெளியே. பிறகு, முதலாளியிடம் சொல்லிவிட்டு, மூன்றாவது ஷிப்டில் ஒரு நாள் ஷெட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் உள்ள நெட்வொர்க் வயரைப் பிடுங்குங்கள். அரை மணி கழித்து மாட்டுங்கள். காலையில் உற்பத்திக் கிலோவும் ஈஆர்பி கிலோவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எந்த ஆலோசகரின் அறிக்கையும் சொல்லாததை அந்த அரை மணி சொல்லும்.

அந்தத் தாள் கையில் இருக்கும்போது கொட்டேஷன்காரரைக் கூப்பிடுங்கள். எந்தக் கிளவுட், எத்தனை சர்வீஸ் என்பதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, “பில்லுக்கும் இருப்புக்கும் நடுவில் கோடு போட்டிருக்கிறீர்களா, போட்டிருந்தால் ஏன்?” என்று கேளுங்கள். பாதியில் நின்ற பதிவை யார், எத்தனை மணிக்குள், எந்தத் திரையில் சரிசெய்வார்கள் என்று எழுதி வாங்குங்கள். பதில் தெளிவாக வந்தால் அவரிடமே வேலையைக் கொடுங்கள். வராவிட்டால், அவுட்பாக்ஸில் தொடங்கி நீங்களே எழுதுங்கள். அதற்கு நான்கு பேர் போதும். அந்த நான்கு பேருக்கு ஆலையைத் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்குத் தெரியும்.

அன்புடன்,
தேவதானத்திலிருந்து உங்கள் அண்ணாச்சி